ஏழு விநாடி

எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர்.
ரெஜைனாவில் கடைசி நாள் எடுத்த படத்தில்
பத்தொன்பது தலைகள் இருக்கும்.
கூடுதல் தலை பீட்சா கொண்டுவந்த பையனுடையது.
அவனுக்கு இன்று மூன்று கடைகள்.
எங்களில் சொந்த வீடு வாங்கியவர்கள் இரண்டே பேர்.

மார்னி, ஆலங்கட்டி மழையில் கோதுமை இழந்தவர்களுக்கு
இழப்பீடு கிடையாது என்று கடிதம் எழுதுகிறாள்.
தெளிவான நடைக்காக
காப்பீட்டு நிறுவனம் அவளுக்கு விருது கொடுத்தது.
தாராஸ் டிராக்டர் விற்கிறான்.
விலை பேசும்போது இன்னமும்
சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுக்கிறானாம்;
விவசாயிகள் உஷாராகிவிடுகிறார்கள்.
ஷான்டெல் மறுபடி கல்லூரிக்குப் போய்ச் சட்டம் படித்தாள்,
கடன்மேல் கடன்.
கோரி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது.
தெரியாததைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள்
பதினேழு பேர் இருந்தும்.

நான் நகரக் குடிநீர் வாரியத்தின் செய்தித் தொடர்பாளர்.
பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை;
அதுதான் சோறு போடுகிறது.
பல்லுக்கும் காப்பீடு உண்டு.

பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வெய்லன் கூப்பிட்டான்.
வாரப் பத்திரிகை ஒன்றின் ஒரே நிருபர் அவன்,
படம் எடுப்பவனும் அவனே,
வியாழக்கிழமைகளில் கட்டுக்கட்டாகக் காரில் ஏற்றி
கடைகளில் போடுபவனும் அவனே.
"லெஸ்யா" என்றான்.
உடனே திருத்திக்கொண்டு
"மிஸ் ஹ்ரின்சுக்" என்றான்.
நலம் விசாரிக்க வந்த அழைப்பு இல்லை
என்பது அப்போதே புரிந்தது.

கிழக்குத் தெருக் குழாய்களில் ஈயம் இருப்பது
வாரியத்துக்கு அக்டோபரிலேயே தெரியுமா?

தாளைப் பார்த்து வாசித்தேன்.
பொதுமக்களின் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.
வழக்கமான பரிசோதனைகளின்போது.
உரிய காலத்தில்.
நானே எழுதி, நான்கு பேர் வெட்டிய அறிக்கை அது.
முதல் வரைவில் ஒரு தேதி இருந்தது,
அக்டோபர் ஒன்பது.
சட்டப் பிரிவு அதன்மேல் கோடு இழுத்து
ஓரத்தில் 'தேவையா?' என்று எழுதியது.
தேவையில்லை என்று நான்தான் நீக்கினேன்.

வாசித்து முடித்தேன்.
வெய்லன் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் அந்த மௌனம்.
இரண்டாம் ஆண்டில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்,
நானும் அவனும் ஜோடியாகப் பழகியது.
பதில் வந்த பிறகும் வாயைத் திறக்காதே.
எதிரில் இருப்பவர் அந்த வெற்றிடத்தைப் பொறுக்கமாட்டார்,
எதையாவது கொட்டி நிரப்புவார்.
வெய்லனுக்கு நான்கு விநாடிக்கு மேல் தாங்காது,
சிரித்துவிடுவான்.
நான் ஏழு வரை போவேன்.
வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு.

இப்போது அவன் சிரிக்கவில்லை.
கார் எஞ்சின் ஓடுவது கேட்டது,
அதில் ஏதோ ஒரு பெல்ட் கிறீச்சிட்டது.
ஹீட்டருக்காக ஓடவிட்டிருப்பான்;
அலுவலகம் என்று ஒன்று
அவர்களுக்கு இன்னும் இருக்கிறதா என்ன?

தோற்றது நான்.
"அந்த பெல்ட்டை மாற்று" என்றேன்.

"மாற்றுகிறேன்" என்றான்.
"ஆவணம் வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?"

"மனு போடலாம். இருபத்தைந்து டாலர்.
தேதி குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.
பொத்தாம்பொதுவாகக் கேட்டால்
ஓராண்டு இழுப்பார்கள்."
இவ்வளவும் வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது.
நான் எதையும் மீறவில்லை.

"அக்டோபரில் எந்தத் தேதி?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
மேலாளர் தன் காலணியின் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.
மேஜையில் என் தண்ணீர் பாட்டில்,
வீட்டிலிருந்து கொண்டுவந்தது.
வீடு மேற்குத் தெருவில்.

மறுபடியும் அவன் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
பழைய பழக்கத்தில் உதட்டுக்குள் எண்ணினேன்.
நான்கைத் தாண்டினான்.
ஏழைத் தாண்டினோம் இருவரும்.
எட்டு.

"ஒன்பது" என்றேன்,
சற்று சத்தமாக.

யாராவது கேட்டால்
எண்ணிக்கொண்டிருந்தேன் என்பேன்.